டிஸ்கார்டு ஓவர்லே: பிசி, எக்ஸ்பாக்ஸ், பிஎஸ்5, ஸ்டீம் டெக்கில் எங்கே சரியாக ஒட்டுகிறது?

ஐந்து பேர் ஒரே வாய்ஸ் சேனலில் இருக்கிறார்கள். ஒருவர் "என் லெஃப்ட்ல ஒருத்தன் வர்றான்" என்று கத்துகிறார். யாருடைய லெஃப்ட்? பழகிய குரலாக இருந்தால் பிடித்துவிடலாம். புது ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் போச்சு. திரை ஓரத்தில் பேசுகிறவர் பெயர் பச்சை வளையத்தோடு மின்னினால் இந்தக் கேள்வியே வராது. ஆட்டத் திரையின் மேல் சாட் செயலியை ஒட்டுவதில் (இதற்குத்தான் ஓவர்லே என்று பெயர்) உள்ள உண்மையான லாபம் அதுதான். ஜிஃப், ஸ்டிக்கர், மெசேஜ் பாப்-அப் எல்லாம் கூடவே தொற்றிக்கொண்டு வரும் சுமை.

இந்தக் கணக்கை வைத்தே கீழே ஒவ்வொரு தளத்தையும் எடை போட்டிருக்கிறோம். டிஸ்கார்டு என்ற குரல், மெசேஜ் செயலியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. "வெளிச் செயலியை உள்ளே விடலாமா" என்று கேமிங் தளங்களில் பேச்சு வந்தால் பத்தில் ஒன்பது தடவை அது டிஸ்கார்டைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும்.

விண்டோஸ் பிசி

டிஸ்கார்டின் பழைய ஓவர்லே எப்படி வேலை செய்தது என்பது தெரிந்தால்தான் புதியது ஏன் நல்லது என்பது புரியும். ஆட்டம் தொடங்கியதும் டிஸ்கார்டுஹூக்64 என்ற டிஎல்எல் கோப்பு (ஒரு நிரல் துண்டு) ஆட்டத்தின் மெமரிக்குள்ளேயே செலுத்தப்படும். ஆட்டம் ஒரு ஃபிரேமை வரைந்து முடித்து, "திரைக்கு அனுப்பு" என்று விண்டோஸில் படம் வரைய உதவும் டைரக்ட்எக்ஸின் பிரசென்ட் கட்டளையைக் கூப்பிடும் நொடியில் அந்த டிஎல்எல் குறுக்கே புகும். அதே ஃபிரேமின் மேல் தன் பெயர்ப் பட்டியலை வரைந்துவிட்டு வழிவிடும். வால்வ் நிறுவனத்தின் கேம் கடையான ஸ்டீமின் ஷிஃப்ட்+டேப் ஓவர்லேயும் இதே வேலையைத்தான் செய்கிறது. கிராபிக்ஸ் கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாட்யூனரும் அப்படியே.

ஒரே வாசற்படியில் மூன்று பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்தவரின் முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டுதான் குறுக்கே புகுகிறார். நடுவில் இருப்பவர் திடீரென்று எழுந்து போனால் அடுத்தவர் கையில் இருக்கும் முகவரி செல்லாததாகிவிடும். ஆட்டம் கருந்திரையோடு நிற்பது, தொடங்கியதும் டெஸ்க்டாப்புக்குத் தூக்கி எறிவது, மூடும்போது மட்டும் கிராஷ் ஆவது, இவற்றில் கணிசமானவை இந்தச் சண்டையால் வருபவை. சோதிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ரிவாட்யூனரை நிறுத்துங்கள், பிறகு டிஸ்கார்டு ஓவர்லேயை. ஸ்டீம் ஓவர்லேயைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஏனென்றால் அது வெறும் சாட் பெட்டி இல்லை. ஆட்டத்துக்குள் பொருள் வாங்கும்போது வரும் கட்டணத் திரையும், ஸ்டீம் இன்புட் வழியாகக் கன்ட்ரோலர் பட்டன்களை மாற்றி அமைக்கும் வசதியும் அதை நம்பித்தான் நிற்கின்றன. அதை அணைத்துவிட்டு "கன்ட்ரோலர் வேலை செய்யலை" என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் இன்னொரு தலைவலி. ஆட்டத்துக்குள் டிஎல்எல் செலுத்துவது ஏமாற்றுக்காரர்களும் செய்யும் வேலைதான். வால்வ் 2020 ஜூலையில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டமான சிஎஸ்:கோவில் டிரஸ்டட் மோட் கொண்டுவந்ததும் வெளியிலிருந்து வரும் டிஎல்எல்களுக்குக் கதவு அடைபட்டது. இன்றைக்கும் அதன் அடுத்த பதிப்பான சிஎஸ்2வில், ஒளிபரப்பு மென்பொருளான ஓபிஎஸ் மூலம் கேம் கேப்சர் (ஆட்டத் திரையைப் பிடிப்பது) எடுக்க வேண்டுமானால், மூன்றாம் தரப்பு மென்பொருளை அனுமதிக்கும் லாஞ்ச் ஆப்ஷனை நாமே சேர்க்க வேண்டியிருக்கிறது.

2025 மார்ச்சில் டிஸ்கார்டு கொண்டுவந்த புதிய ஓவர்லே இந்தச் செலுத்தும் வேலையையே விட்டுவிட்டது. ஆட்டத்தின் மேல் ஒளி ஊடுருவும் தனி ஜன்னலாக மிதக்கிறது. ஆட்டத்தின் மெமரியைத் தொடாததால் முன்பு காட்டாத பல ஆட்டங்களில் இப்போது காட்டுகிறது. கிராஷ் ஆனால் டிஸ்கார்டு மட்டும் விழும், ஆட்டம் தொடரும். சரியான முடிவு.

இலவசமாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. திரையை முழுக்கத் தனக்கே எடுத்துக்கொள்ளும் எக்ஸ்க்ளூசிவ் ஃபுல்ஸ்கிரீனில் ஓடும் ஆட்டத்தின் மேல் வேறு ஜன்னல் நிற்க முடியாது. பழைய டைரக்ட்எக்ஸ் 9, 11 ஆட்டங்களில் "ஓவர்லே வரவே மாட்டேங்குது" என்றால் ஆட்டத்தின் வீடியோ அமைப்பில் பார்டர்லெஸ் (விளிம்பில்லா ஜன்னல்) என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் நுணுக்கமானது, போட்டி ஆட்டம் ஆடுபவர்களுக்கு மட்டும் உறைக்கும். பார்டர்லெஸ்ஸில் ஓடும் ஆட்டத்தின் ஃபிரேம்களை விண்டோஸ் இயன்றவரை நேராக மானிட்டருக்கு அனுப்பும். இதற்கு இண்டிபெண்டன்ட் ஃபிளிப் என்று பெயர். மேலே இன்னொரு ஜன்னல் மிதந்தால், கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் தனித்தனி அடுக்காகக் கையாள முடிந்தால் சரி. முடியாவிட்டால் விண்டோஸ் இரண்டையும் குழைத்து ஒரே படமாக்கித்தான் அனுப்பும், அதற்குள் ஒரு ஃபிரேம் அளவுக்குத் தாமதம் ஏறலாம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிசெகண்டு, 144இல் 6.9, 240இல் 4.2. வேக மானிட்டரில் இழப்பு சிறிதுதான், 60இல் கைக்குத் தெரியும். உங்கள் கணினியில் என்ன நடக்கிறது என்று பார்க்க இன்டெலின் பிரசென்ட்மான் என்ற அளவீட்டுக் கருவி போதும். ஓவர்லே இல்லாமல் ஒரு முறை, இருக்கும்போது ஒரு முறை ஓட்டுங்கள். பிரசென்ட் மோட் என்ற இடத்தில் "ஹார்டுவேர்" என்று தொடங்கியது "கம்போஸ்டு" என்று தொடங்கும் சொல்லாக மாறினால் தாமதம் ஏறியிருக்கிறது என்று பொருள். ஃபார்மிங், கட்டுமானம், கதை ஆட்டம் ஆடுபவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

அமைப்பது எப்படி? டிஸ்கார்டில் பற்சக்கரத்தை அழுத்தி, கேம் ஓவர்லே பகுதியில் இயக்குங்கள். ஆட்டம் தானாகப் பட்டியலில் வராவிட்டால் ரிஜிஸ்டர்டு கேம்ஸில் போய், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் சேர்க்க வேண்டும். பயனர் பெயர்களை "பேசும்போது மட்டும் காட்டு" என்று வைத்து, மெசேஜ் அறிவிப்புகளை அடியோடு அணையுங்கள். ஷிஃப்ட்டோடு எண் 1க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த மேற்கோள் விசையை அழுத்தினால் ஓவர்லே திறக்கும். சில ஆட்டங்களில் அதே விசைதான் கன்சோலைத் திறக்கும், அப்போது ஷார்ட்கட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு கோளாறு அடிக்கடி வரும், காரணம் மட்டும் பலருக்குப் பிடிபடாது. ஆட்டத்தைப் பார்ப்பதற்காக ஜன்னலை மாற்றிய நொடியில் புஷ்-டு-டாக் (விசையை அழுத்திப் பேசும் வசதி) செத்துவிடும், டெஸ்க்டாப்புக்கு வந்தால் உயிர்பெறும். ஆட்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறது, டிஸ்கார்டு சாதாரணப் பயனராக ஓடுகிறது. மேல்நிலையில் ஓடும் நிரலுக்குப் போகும் விசையைக் கீழ்நிலை நிரல் ஒட்டுக்கேட்க விண்டோஸ் விடாது. ஆட்டத்தின் அட்மின் டிக்கை எடுத்துவிடுவதே நல்ல வழி. டிஸ்கார்டையும் அட்மினாக ஏற்றுவது இரண்டாம் பட்சம்.

ஓபிஎஸ் வைத்து ஒளிபரப்புபவர்களுக்கு: கேம் கேப்சரில் "மூன்றாம் தரப்பு ஓவர்லேகளையும் எடு" என்று ஒரு டிக் உண்டு. அது செலுத்தும் வகை ஓவர்லேகளுக்கானது. புதிய டிஸ்கார்டு ஓவர்லே தனி ஜன்னல் என்பதால் கேம் கேப்சரில் விழாது, டிஸ்ப்ளே கேப்சரில் மட்டும் அப்பட்டமாக விழும். நண்பர் அனுப்பிய அந்தரங்க மெசேஜ் நேரலையில் ஓடுவது பெரும்பாலும் இந்த டிஸ்ப்ளே கேப்சரின் புண்ணியம்தான்.

ஸ்டீம்: கல்யாணம் வேண்டாம், திண்ணை போதும்

ஸ்டீமில் டிஸ்கார்டு இணைப்பு என்பது, உங்கள் டிஸ்கார்டு புரொஃபைலில் ஸ்டீம் கணக்கைக் காட்டுவதோடு முடிகிறது. ஷிஃப்ட்+டேப் அழுத்தினால் வருவது ஸ்டீமின் சொந்த சாட்தான். வால்வ் அதை 2018 ஜூலையில் முழுக்க மாற்றி அமைத்தது, குரூப் வாய்ஸும் கொடுத்தது. அதே ஆண்டு டிஸ்கார்டு சொந்தமாக கேம் கடை திறந்தது. கடை அடுத்த ஆண்டே கைவிடப்பட்டாலும், போட்டியாளரைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைக்க வால்வுக்கு அவசரம் இல்லை என்பது புரிகிறது. ஸ்டீமின் குரல் ஒன்றும் மோசமில்லை. 2019இல் வந்த ஸ்டீம் சாட் கைபேசிச் செயலி குரல் வசதி இல்லாமலே வந்ததுதான் தவறு. நண்பர் பஸ்ஸில் இருந்துகொண்டே சேனலில் நுழைய முடியாதென்றால், மற்ற நால்வரும் அவருக்காக டிஸ்கார்டுக்குப் போய்விடுவார்கள்.

அதற்காக வால்வ் டிஸ்கார்டை மட்டும் உள்ளே கட்டிப்போட வேண்டும் என்பது எங்கள் கருத்து இல்லை. எக்ஸ்ஃபயர் என்று ஒன்று இருந்தது. 2000களின் நடுவில் ஆட்டத்துக்குள் சாட் என்றாலே அதுதான், 2006இல் வயாகாம் 102 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. 2015இல் மூடிவிட்டார்கள். டிஸ்கார்டு பிறந்ததும் அதே 2015இல்தான். இந்த வேகத்தில் ஆள் மாறும் துறையில் ஒரு செயலியின் பெயரைச் சுவரில் செதுக்கக் கூடாது. ஓவர்லேயில் ஒரு சிறு இடம் ஒதுக்கி, எந்தக் குரல் செயலியும் "யார் பேசுகிறார்" என்ற பட்டியலை மட்டும் அங்கே கொடுக்கலாம் என்று விதி வைத்தால் போதும். டிஸ்கார்டு, டீம்ஸ்பீக், மம்பிள் எதுவானாலும் சரி. ஃபிரேமை வரைவது ஸ்டீம் ஒன்றாக மட்டும் இருக்கும், வாசற்படிச் சண்டையும் ஓயும்.

அதுவரைக்கும் ஒரு குறுக்குவழி. 2023 புதுப்பிப்புக்குப் பிறகு ஸ்டீம் ஓவர்லேயின் ஜன்னல்களைப் பின் குத்தி ஆட்டத்தின் மேலேயே நிறுத்தலாம், ஊடுருவலையும் கூட்டிக் குறைக்கலாம். ஓவர்லே பிரவுசருக்கும் அது பொருந்தும். டிஸ்கார்டின் வலைப் பதிப்பை அதில் திறந்து டெக்ஸ்ட் சேனலை மட்டும் ஓரத்தில் பின் செய்யுங்கள். குரல் டெஸ்க்டாப் செயலியிலேயே ஓடட்டும். பிரவுசர் எஞ்சின் இரண்டாக ஓடுவதால் 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் இதை முயல வேண்டாம்.

தமிழில் தட்டுபவர்களுக்கு இந்த வழியில் ஒரு கூடுதல் லாபம். ஆட்டங்களின் சொந்த சாட் பெட்டி பலவற்றில் தமிழ் எழுத்துரு இருக்காது, இருந்தாலும் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், காலும் எழுத்தும் வேறு பக்கம். டிஸ்கார்டும் ஸ்டீம் ஓவர்லே பிரவுசரும் குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தின் மேல் நிற்பவை என்பதால் எழுத்து ஒழுங்காகக் கோத்து வரும்.

எக்ஸ்பாக்ஸும் பிஎஸ்5உம்

கன்சோலில் கதை வேறு. அங்கே ஒலி முழுவதும் கன்சோலின் கையில். வெளியே இருக்கும் செயலியால் ஆட்டத்தின் சத்தத்தோடு குரலைக் கலக்கவே முடியாது. அதனால்தான் ஒரு காதில் போனின் இயர்பட், அதன் மேல் கன்சோல் ஹெட்செட் என்று ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இணைப்பு இங்கே சொகுசு இல்லை, தேவை. தளம் கை கொடுத்தால் மட்டுமே நடக்கும்.

எக்ஸ்பாக்ஸ் 2022இல் தொடங்கியது. முதலில் அலைய வைத்தார்கள்: போனில் டிஸ்கார்டு, கூடவே எக்ஸ்பாக்ஸ் செயலி, அங்கிருந்து அழைப்பைக் கன்சோலுக்கு மாற்ற வேண்டும். பின்னர் கன்சோலிலிருந்தே நேராகச் சேரும் வசதி வந்ததும்தான் பயன்படுத்தத் தக்கதானது. செட்டிங்ஸில் அக்கவுண்ட், லிங்க்டு சோஷியல் அக்கவுண்ட்ஸ் என்று போய் டிஸ்கார்டை இணையுங்கள். பிறகு எக்ஸ்பாக்ஸ் பட்டனை அழுத்தி, பார்ட்டீஸ் அண்ட் சாட்ஸில் சர்வரையும் சேனலையும் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். அந்த பட்டன் திறக்கும் கைடு மெனுவைப் பார்த்தால் யார் யார் இருக்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்பது தெரியும், ஒவ்வொருவர் சத்தத்தையும் தனியே குறைக்கலாம். எக்ஸ்பாக்ஸ் பார்ட்டியும் டிஸ்கார்டும் ஒரே நேரத்தில் ஓடாது, ஒன்றில் சேர்ந்தால் மற்றது விட்டுப்போகும். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சபாஷ்.

சோனி 2021இல் டிஸ்கார்டில் முதலீடு செய்தது, ஆனாலும் பிஎஸ்5இல் குரல் வந்தது 2023 மார்ச்சில்தான். போனைத் தொடாமல் நேராகச் சேர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், லிங்க்டு சர்வீசஸ் போய் இணைத்தால், கன்ட்ரோல் சென்டரின் கேம் பேஸில் டிஸ்கார்டு என்று ஒரு டேப் வரும். பிஎஸ்4க்கு இல்லை. பணம் போட்டவரைவிட எக்ஸ்பாக்ஸ் முந்திக்கொண்டது சோனிக்குப் பெருமை இல்லை.

இரண்டிலுமே டெக்ஸ்ட் சேனலைக் கன்சோலில் படிக்க முடியாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். சோபாவில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு சர்வரில் ஓடும் 300 மெசேஜைப் படிக்க யாருக்கு ஆசை? டெக்ஸ்ட்டை வெளியே நிறுத்தியதே சரி.

நிண்டெண்டோ நேர் எதிர்த் திசையில் போனது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இல் சி பட்டனை அழுத்தினால் சொந்த கேம்சாட், 12 பேர் வரை, மைக் கன்சோலிலேயே. வெளிச் செயலிக்கு இடமில்லை. இலவசக் காலம் 2026 மார்ச் 31 வரைதான் என்று நிண்டெண்டோ முன்பே அறிவித்துவிட்டது, அதன் பிறகு ஆன்லைன் சந்தா வேண்டும். பட்டன் ஒன்றில் எல்லாம் நடக்கும் அழகு இதில்தான். ஆனால் பிசியில் இருக்கும் நண்பரை அந்தப் பட்டன் கூப்பிடாது.

ஸ்டீம் டெக்

வால்வின் கையடக்கக் கேம் கணினியான இங்கே கைவேலை அதிகம். டெஸ்க்டாப் மோடில் டிஸ்கவர் கடையில் டிஸ்கார்டை நிறுவி, "ஸ்டீமில் சேர்" கொடுத்துவிட்டு கேமிங் மோடுக்குத் திரும்புங்கள். டிஸ்கார்டை முதலில் திறந்து சேனலில் சேர்ந்தபின் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். டெக் ஓடுவது லினக்ஸில், டிஸ்கார்டின் ஓவர்லே அங்கே கிடையாது. தன்னார்வலர்கள் எழுதிய மாற்று ஓவர்லே ஒன்று இருக்கிறது, அதன் பெயரும் டிஸ்கவர்தான், கடையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். புஷ்-டு-டாக்கை நம்பாமல் வாய்ஸ் ஆக்டிவிட்டியை (குரல் கேட்டதும் மைக் தானே திறப்பது) வைத்து, சென்சிட்டிவிட்டியைத் தானியங்கியிலிருந்து எடுத்துக் கையால் நகர்த்துங்கள். விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது பட்டை எங்கே நிற்கிறதோ அதற்குச் சற்று மேலே கோட்டை வைத்தால் உங்கள் விசிறியின் இரைச்சல் சேனல் முழுக்கக் கேட்காது.

ஒட்டிய பிறகு கெடுவது ஒலிதான்

யாராவது பேசத் தொடங்கியதும் ஆட்டத்தின் சத்தம் கிணற்றுக்குள் போய்விடுகிறதா? விண்டோஸின் பழைய சவுண்ட் ஜன்னலில் கம்யூனிகேஷன்ஸ் டேப்பைப் பாருங்கள். அழைப்பு வந்தால் மற்ற சத்தத்தை 80% குறை என்பதே அங்கே இயல்புநிலை. "ஒன்றும் செய்யாதே" என்று மாற்றுங்கள். டிஸ்கார்டின் அட்டெனுவேஷனும் இதே வேலையைச் செய்யும், அதையும் பூஜ்யமாக்குங்கள். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் திறந்ததும் எல்லாம் தொலைபேசி போல ஒலித்தால், அது ஸ்டீரியோ இணைப்பிலிருந்து அழைப்பு இணைப்புக்கு மாறிவிட்டது. தனி யுஎஸ்பி மைக் வைத்தால் தீரும்.

நண்பர் ஒருவர் சென்னையிலும் இன்னொருவர் சிங்கப்பூரிலும் இருந்தால், சேனல் அமைப்பில் ரீஜன் ஓவர்ரைடு என்ற இடத்தில் இந்தியா, சிங்கப்பூர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், பிங் (இணையத் தாமதம்) யாருக்கு ஏறுகிறது என்று கேட்டு முடிவு செய்யலாம். டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம். இயல்பான 64 கேபிபிஎஸ்ஸில் ஒருவர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பேசினாலும் 29 எம்பிக்குள்தான்.

இணைக்கும் முன்

டிஸ்கார்டில் நடக்கும் வம்புக்கு கன்சோல் நிறுவனம் பஞ்சாயத்து செய்யாது, புகார் டிஸ்கார்டிடம்தான் போக வேண்டும். 13 வயதுக்குக் கீழே அங்கே கணக்கே கூடாது. பிள்ளைகள் கன்சோலில் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபரில், டிஸ்கார்டின் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் வழியாக ஏறத்தாழ 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று டிஸ்கார்டே சொன்னது. இணைப்பு ஒவ்வொன்றும் இன்னொரு கதவு.

இணைத்ததும் உங்கள் எக்ஸ்பாக்ஸ் அல்லது பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் கணக்கு) பெயரும், இப்போது ஆடும் ஆட்டமும் டிஸ்கார்டு புரொஃபைலில் தெரியத் தொடங்கும். அலுவலக நண்பர்களும் இருக்கும் சர்வரில் மதியம் மூன்று மணிக்கு அது தெரிய வேண்டாமென்றால், கனெக்‌ஷன்ஸில் அந்தக் கணக்கின் கீழே இருக்கும் இரண்டு பொத்தான்களையும் அணையுங்கள். இணைப்பைத் துண்டிக்கும்போது கனெக்‌ஷன்ஸில் நீக்கினால் மட்டும் போதாது. ஆத்தரைஸ்டு ஆப்ஸ் பட்டியலிலும், கன்சோலின் லிங்க்டு கணக்குகள் பக்கத்திலும் போய்ப் பார்த்துவிடுங்கள்.